தண்ணித் திருடன்: மொட்டை மாடியில் ஒரு ஆட்டம் உருவான கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அபார்ட்மெண்டில் நாலு நாள் கரண்ட் இல்லை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. மழை விட்டு, போனில் சார்ஜும் தீர்ந்ததும் பதினாறு வீட்டு ஆட்களும் ஒவ்வொருவராக மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். அதுவரைக்கும் லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரி.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் காலண்டர் தாளைக் கிழித்து ராஜா ராணி ஆட உட்கார்ந்தார்கள். சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பது. போலீஸ் சீட்டு வந்தவர் மற்ற முகங்களைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிப்பது. ராஜாவுக்கு 1000, ராணிக்கு 800 என்று வீட்டுக்கு வீடு ஒரு மார்க் கணக்கு. பெரியவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டோம். கால் மணி நேரத்தில் அலுத்துவிட்டது. உண்மையில் அந்த ஆட்டத்தை ஆடுவது போலீஸும் திருடனும் மட்டும்தான். ராஜா, ராணி, மந்திரிக்கெல்லாம் உட்கார்ந்த இடத்தில் மார்க் வந்துவிடுகிறது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்போது ஏ-3 வீட்டு ப்ளஸ் டூ பையன், "அங்கிள், மாஃபியா ஆடலாமா?" என்றான். 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறையில் மாணவராக இருந்த திமித்ரி தவிதோவ் உருவாக்கியது அது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மாஃபியா. அவர்களுக்கு மட்டும் ஒருவரையொருவர் தெரியும். மற்ற எல்லாரும் ஊர்க்காரர்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. ராத்திரி எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, மாஃபியா மட்டும் கண் திறந்து ஓர் ஆளைச் சுட்டிக்காட்டும், அவர் காலி. பகலில் எல்லாரும் பேசி, ஓட்டுப் போட்டு, ஒருவரை வெளியேற்ற வேண்டும். விஷயம் தெரிந்த சிலருக்கும் ஒன்றும் தெரியாத பலருக்கும் நடக்கிற சண்டை, அவ்வளவுதான்.

ஆரம்பித்த உடனே எஃப்-4 அக்கா கையைத் தூக்கிவிட்டார். "விளக்கு வைக்கிற நேரத்துல கொலை, கொள்ளைன்னு பேசாதீங்கப்பா. வேற ஏதாவது பண்ணுங்க."

அந்த வேற ஏதாவதுதான் தண்ணித் திருடன். 2019 கோடை எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சென்னைக்குத் தண்ணீர் தருகிற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அந்தக் கோடையில் எங்கள் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, பூட்டுப் போட்டோம். பூட்டின பிறகும் ராத்திரியில் தண்ணீர் குறைந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே கொலைக்குப் பதில் தண்ணீர்த் திருட்டு: ராத்திரி திருடர்கள் ஒரு வீட்டு டேங்கைக் காலி செய்வார்கள், பகலில் நாமெல்லாம் ஓட்டுப் போட்டு ஒரு வீட்டு வால்வை மூடுவோம். திருடர்கள் எண்ணிக்கையும் மற்றவர்கள் எண்ணிக்கையும் சமமாகிவிட்டால் திருடர்களுக்கு ஜெயம். ஊரே தண்ணீரில் நிற்கும்போது தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து விளையாடியது எங்களுக்கே சிரிப்பாக இருந்தது.

புயல் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவன். எது உடைகிறது என்று பார்ப்பதே தொழில். இந்த ஆட்டம் உடைந்த அளவுக்கு நான் பார்த்த எந்த சாஃப்ட்வேரும் உடைந்ததில்லை.

ஆரம்பத்தில் 9 பேர், 2 திருடர்கள், 7 சாதா வீட்டுக்காரர்கள். முதல் ஏழு ஆட்டத்தில் ஆறில் திருடர்கள் ஜெயித்தார்கள். "நம்மாளுங்களுக்குப் பேசத் தெரியலை" என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் புரிந்தது. யாரும் யோசிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு திருடன், அவனையும் சேர்த்து 5 பேர். முதல் ஓட்டில் அவன் தப்பிக்க வாய்ப்பு ஐந்தில் நான்கு. ராத்திரி ஒரு வீடு போகும், 3 பேர் மிச்சம். மறுபடி தப்பிக்க மூன்றில் இரண்டு. பெருக்கினால் பதினைந்தில் எட்டு, அதாவது 53 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

இப்போது ஊருக்குப் பலமாக இருக்கட்டும் என்று ஒரு வீட்டுக்காரரைச் சேருங்கள். 6 பேர். ஆறில் ஐந்து, பிறகு நான்கில் மூன்று. பெருக்கினால் 62.5 சதவீதம். திருடனுக்கு லாபம்! நான் மூன்று முறை அழித்து அழித்துப் போட்டேன். விடை மாறவில்லை. 7 பேர் என்றால் 46, 8 பேர் என்றால் மறுபடி 55. காரணம் இதுதான்: 5 பேர் இருந்தாலும் ஊருக்கு இரண்டு ஓட்டுதான், 6 பேர் இருந்தாலும் இரண்டு ஓட்டுதான். ஆறாவது ஆள் ஒரு பகலைக் கூட்டிக் கொடுக்கவில்லை. தப்பாகச் சுட்டுவதற்கு இன்னொரு முகமாக மட்டும் வந்து உட்கார்ந்தார். ஏழாவது ஆள் வந்தால்தான் மூன்றாவது ஓட்டு கிடைக்கிறது.

அதே வழியில் 9 பேரில் 2 திருடர்கள் என்று போட்டால் திருடர்களுக்கு 70 சதவீதம் வருகிறது. நம்மாளுங்கள் மேல் தப்பே இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விதிகள் வந்தன. தலையை எண்ணாமல் ஊருக்கு எத்தனை பகல் மிச்சம் என்று எண்ணுவது ஒன்று. இரட்டைப்படையில் இருக்கும்போது "இன்னிக்கு யார் வால்வையும் மூட வேணாம்" என்று ஊர் முடிவெடுக்கலாம் என்பது இன்னொன்று. 6 பேரில் ஓட்டே போடாமல் விட்டால் மறுநாள் 5 பேராக விழிக்கலாம், 62.5 என்பது 53 ஆகிறது. முதலில் இதை யாரும் நம்பவில்லை. "சும்மா இருந்தா எப்படி சார் ஜெயிக்க முடியும்?" என்றார்கள். இப்போது மாடியில் யாராவது முதலில் எண்ணிவிட்டு "ரெட்டைப்படை, விடுங்க" என்று சொல்கிறார்கள்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2008-ல் பிரேவர்மன், எதேசாமி, மோசல் என்ற மூவர் இந்த மாஃபியா ஆட்டத்தைப் பற்றி ஒரு கணித ஆய்வு வெளியிட்டார்கள். துப்பறிபவர் என்றால், ராத்திரி ஒருவரைக் காட்டி அவர் திருடனா என்று தெரிந்துகொள்கிற ஊர்க்காரர். அப்படி யாரும் இல்லாதபோது ஆட்டம் சமமாக இருக்க, திருடர்கள் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறவேண்டும்; அதாவது ஆட்கள் நாலு மடங்கானால் திருடர்கள் இரண்டு மடங்குதான். துப்பறிபவர் ஒருவர் வந்துவிட்டால் திருடர்களை ஆட்களின் விகிதத்துக்கே ஏற்றலாம். ஒரே ஒரு ரோல் ஆட்டத்தின் கணக்கையே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுகிறது.

அதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். துப்பறிபவருக்கு மூணாவது மாடி மாமி என்று பெயர் வைத்தேன். சி-3 வீட்டு மாமிக்கு ஜன்னலோரமாக உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது வழக்கம். பெயர் வைக்கும் முன் அவரிடமே கேட்டேன். "வெச்சுக்கோ, ஆனா அந்த ரோல் என் கைக்கு வந்தா நான் அதைவிட நன்னா பண்ணுவேன்" என்றார். மாமி ரோல் வந்தவர் ராத்திரி ஒருவரைக் காட்டினால், அவர் திருடனா இல்லையா என்று நான் கட்டைவிரலால் சொல்வேன்.

அதோடு ஆட்டம் செத்துப்போனது. முதல் நாள் காலையிலேயே ஒருவர், "நான்தான் மாமி. பி-2 திருடன்" என்பார். பி-2 வால்வை மூடுவோம். மறுநாளும் மாமி சொல்வார், நாங்கள் மூடுவோம். எட்டுப் பேரும் மாமியின் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அல்லது முதல் ராத்திரியே திருடர்கள் தற்செயலாக மாமியைக் காலி செய்துவிட்டால் திருடர்கள் கையோங்கிய பழைய ஆட்டம். ஜெயித்த எண்ணிக்கையைப் பார்த்தால் சமமாகத்தான் இருந்தது. பாதி நாள் ஒரு பக்கம் சுலபம், பாதி நாள் இன்னொரு பக்கம் சுலபம். இப்படிப் பாதிக்குப் பாதி வருவதைச் சமநிலை என்று ஏற்க எனக்கு மனமில்லை.

மாமியின் பலத்தைக் குறைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். இரண்டு ராத்திரிக்கு ஒரு முறைதான் பார்க்கலாம் என்றேன். மூன்றில் ஒரு முறை பொய்யான பதில் வரும் என்றேன், அது படுதோல்வி. சி-3 மாமியே மனம் உடைந்து, "நீயே தப்பா சொல்லிட்டு என்னை ஏண்டா பொய் சொல்ல வெக்கறே?" என்று கேட்டார். நியாயம்தான். ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டும், நடத்துகிறவனைச் சந்தேகப்படும்படி வைக்கக்கூடாது.

கடைசியில் கேள்வியையே மாற்றினேன். மாமி பார்ப்பது ஜன்னல் வழியாகத்தானே? ஜன்னல் வழியாக ஒருவர் நல்லவரா கெட்டவரா என்றா தெரியும்? ராத்திரி வீட்டை விட்டு வெளியே போனாரா, இல்லையா என்றுதான் தெரியும். அதையே பதிலாக வைத்தேன். இரண்டு திருடர்களில் ஒவ்வொரு ராத்திரியும் ஒருவர்தான் வெளியே போவார், யார் என்பது அவர்கள் முடிவு. ஆகவே "வீட்டில்தான் இருந்தார்" என்ற பதிலால் யாரும் நல்லவராகிவிட முடியாது. திருடன் அல்லாத சிலரும் வெளியே போவார்கள். அதனால் "வெளியே போனார்" என்பதை வைத்தும் யாரையும் பிடித்துவிட முடியாது. மாமி பார்த்தது அத்தனையும் உண்மை. அதற்கு என்ன அர்த்தம் என்பதை ஒன்பது பேரும் உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே போகிற நல்லவர்களில் ஒருவர் வாட்ச்மேன். ராத்திரிக்கு ஒரு வீட்டைக் காவல் காப்பார், திருடர்கள் அங்கே வந்தால் திருட்டு நடக்காது. ஒரே வீட்டை அடுத்தடுத்த இரண்டு ராத்திரி காக்கக்கூடாது என்ற விதி இல்லாவிட்டால், மாமி வெளிப்பட்டதும் வாட்ச்மேன் அந்த வாசலிலேயே நாற்காலி போட்டுவிடுவார்.

இன்னொருவர்தான் நைட் ஷிஃப்ட்காரர். ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் ரோடு பக்கம் வேலை பார்க்கிறவர். தினமும் ராத்திரி கேப் வந்து கூட்டிப்போகும். அவருக்குச் சக்தி என்று ஒன்றும் கிடையாது. யாரையும் காப்பாற்ற மாட்டார், யாரையும் பார்க்க மாட்டார். தினமும் வெளியே போவார், அவ்வளவுதான். இட்டு நிரப்ப ஒரு ரோல் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலை மாமி (டி-1 வீட்டு டீச்சர்) எழுந்து, "நேத்து ராத்திரி ஏ-3 வெளிய போனாங்க" என்றார். ஏ-3 நம் ப்ளஸ் டூ பையன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா ஆன்ட்டி, நான் நைட் ஷிஃப்ட்." உடனே இந்தப் பக்கம் இருந்து பி-2 மாமா, "டேய், நான்தாண்டா நைட் ஷிஃப்ட்" என்று துள்ளினார். ஆட்டத்தில் ஒரே ஒரு நைட் ஷிஃப்ட்தான். ஆக ஒருவர் பொய். ஆனால் எஃப்-4 அக்கா கேட்டார்: "பி-2 நிஜமா நைட் ஷிஃப்ட்டா இருந்தா, ஏன் இவ்ளோ அவசரமா சொல்லணும்? மாமி அவரைப் பார்க்கவே இல்லையே?" அதற்கு டீச்சர்: "சொல்லாம விட்டா நாளைக்கு அவரைப் பார்ப்பேன், அப்ப சொன்னா நம்புவீங்களா?" இருபது நிமிஷம் போனது. கீழே தெருவில் ஐஸ்க்ரீம் வண்டி மணியடித்துப் போனதைக்கூட பிள்ளைகள் கவனிக்கவில்லை.

சக்தியே இல்லாத ரோல் இந்த வேலையைச் செய்தது. ஒரு ரோல் ராத்திரியில் என்ன செய்கிறது என்பதைத்தான் அதுவரை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்து அந்த ரோலை வைத்துக் காலையில் யாரால் என்ன பேச முடியும், யாரால் என்ன பொய் சொல்ல முடியும் என்று பார்க்கிறேன். ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு ரோல் கொடுக்கும்போதும் திருடனுக்கும் ஒரு வேஷம் தைத்துக் கொடுக்கிறோம். வேஷம் பொருந்தாத ரோல் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் ஆட்டத்தைக் கெடுக்கும். முதலில் வைத்த மாமி அப்படித்தான்: அவள் வேஷம் போடுகிற திருடன் ஒரே நாளில் மாட்டிக்கொள்வான், அவன் காட்டிய ஆள் நல்லவர் என்று அம்பலமாகிவிடும்.

வாட்ச்மேனில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் ஒற்றைப்படையில் இருக்கும்போது அவர் ஒரு வீட்டைக் காப்பாற்றினால் எண்ணிக்கை இரட்டைப்படைக்குப் போகிறது. அதாவது வெறும் எண்ணிக்கையில் அந்தக் காவலால் ஒரு பகலும் கூடவில்லை! இரண்டு முறை காப்பாற்றினால்தான் ஒரு ஓட்டு லாபம். அப்படியானால் வாட்ச்மேன் எதற்கு? நான் காலையில் "நேற்று திருட்டு இல்லை" என்று மட்டும் அறிவிப்பேன், எந்த வீடு என்று சொல்வதில்லை. வாட்ச்மேனுக்கு மட்டும் தெரியும். அந்த வீட்டுக்காரர் திருடன் இல்லை என்று அவரால் சாட்சி சொல்ல முடியும். ஊர் நம்ப வேண்டும்.

திருடர்கள் விரும்பினால் ஒரு ராத்திரி திருடாமல் இருக்கலாம் என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு ஏ-3 பையன் தொட்டான். திருட்டு இல்லாத அந்தக் காலையில் மெதுவாகக் கையைத் தூக்கி, "நான் சொல்லலாமான்னு தெரியலை... நான்தான் வாட்ச்மேன். நேத்து டி-1 வீட்டு வாசல்ல நின்னேன்" என்றான். டி-1 டீச்சர் இன்னொரு திருடர். நிஜ வாட்ச்மேன் சி-3 மாமி. அவர் அன்று காத்தது வேறு வீட்டை. தன் காவலால்தான் திருட்டு நின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாமி பாயைத் தட்டிக்கொண்டு "பொய்! பொய்!" என்று கத்தக் கத்த, எல்லாரும் மாமியின் வால்வை மூடினோம். இரண்டு வாரம் அவர் அவனோடு பேசவில்லை.

மனுஷர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எந்தக் கணக்கிலும் வராதது. எங்கள் அசோசியேஷன் செக்ரெட்டரி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எல்லாருக்கும் சார்தான். அவர் திருடனாக வந்தால் ஜெயித்துவிடுவார். நன்றாகப் பொய் சொல்வார் என்பதால் அல்ல. "சார், நீங்க பொய் சொல்றீங்க" என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அவர் கையைத் தூக்கினால் பின்னாலேயே ஆறு கை தூக்கும். இந்த லட்சணத்தில் நான் செக்ரெட்டரி என்றே ஒரு ரோல் செய்து, இரண்டு ஓட்டு என்று வைத்தேன். குலுக்கியதில் அது சாருக்கே வந்தது. அந்த ராத்திரி ஆட்டம் பாதியில் நின்று மெயின்டனன்ஸ் பாக்கியில் போய் முடிந்தது. செக்ரெட்டரி ரோலை மறுநாளே தூக்கிவிட்டேன். நிஜ வாழ்க்கையில் ஏற்கனவே இரண்டு ஓட்டு உள்ளவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் வேறு கொடுக்கத் தேவையில்லை.

சாருக்காகச் செய்த மாற்றங்கள் எல்லாருக்கும் உதவின. பேச்சு எல்லாம் வீட்டு நம்பரில். "உங்க மேல சந்தேகம்" என்று சொல்லக் கூசுகிற பன்னிரண்டு வயசுப் பெண், "இ-2 வீட்டு மேல எனக்கு டவுட்" என்று தைரியமாகச் சொல்கிறாள். ஓட்டு ஒவ்வொருவராகப் போடுவது கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். யார் பின்னால் போகலாம் என்று பார்க்க நேரமே இல்லை. முதல் முறை இப்படி ஓட்டுப் போட்டபோது ஏழு விரல் சாரை நோக்கி நீண்டது. அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு வயசுப் பெண்ணால் வந்த இன்னொரு மாற்றம்: ஆரம்ப காலத்தில் ஒரு நாள் முதல் ராத்திரியே அவள் காலி. முக்கால் மணி நேரம் மூலையில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. இப்போது முதல் ராத்திரி திருட்டே கிடையாது, மாமி மட்டும் பார்ப்பார். டேங்க் காலியானவர்களும் வால்வு மூடப்பட்டவர்களும் எழுந்து போக வேண்டாம், கடைசிவரை பேசலாம். அவர்களுக்கு ஆட்டம் முழுவதற்கும் இன்னும் ஒரே ஒரு ஓட்டு உண்டு. இது என் சொந்த யோசனை அல்ல. ப்ளட் ஆன் தி க்ளாக்டவர் என்ற ஆட்டத்தில் செத்தவர்களுக்கு இப்படித்தான். எங்களிடம் அந்த ஓட்டுக்கு அடையாளம் வாட்டர் கேனின் நீல மூடி. ஓட்டுப் போட்டதும் மூடியை நடுவில் எறிந்துவிட வேண்டும். கடைசிப் பகலில் மூடி யார் யார் கையில் மிச்சம் இருக்கிறது என்று திருடர்கள் எண்ணுவதைப் பார்க்க வேண்டும்! யாரையுமே வெளியேற்றாத ஆட்டங்களும் உண்டு. தி ரெசிஸ்டன்ஸ் அப்படி. 5 பேர் என்றால் 2 ஒற்றர், 10 பேர் என்றால் 4 ஒற்றர், எல்லாரும் கடைசிவரை உள்ளேதான். ஆனால் வால்வை மூடுகிற சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க எங்கள் ஆட்கள் தயாராக இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் ரோலை எப்படிச் சாய்த்துவிடும் என்பதற்கு வளையல் கதை. எஃப்-4 அக்கா தங்கையின் வளைகாப்புக்குப் போய்விட்டுக் கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்தார். வந்தது திருடன் சீட்டு. ராத்திரி நான் "திருடர்கள் கண்ணைத் திறங்க" என்றேன். அக்கா கையை நீட்டினார். சலங். மூடிய கண்களோடு எட்டு முகத்திலும் ஒரே நேரத்தில் புன்னகை. அப்போதிலிருந்து ராத்திரி முழுக்க எல்லாரும் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொலுசு, சட்டைப் பையில் சாவிக்கொத்து, பிளாஸ்டிக் நாற்காலியின் முனகல் எல்லாம் அதில் அடங்கிவிடும். அதே காரணத்துக்காக, காலியான ரோலையும் ஒவ்வொரு ராத்திரியும் கூப்பிட்டு, அதே அளவு நேரம் காத்திருப்பேன். கூப்பிடாமல் விட்டால் மாமி போய்விட்டார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

காகிதச் சீட்டையும் விட்டுவிட்டோம். ஒரு மூலை மடங்கிய சீட்டுதான் திருடன் என்று மூன்றாவது வாரமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மஞ்சப்பையில் கேரம் காய். கருப்பு திருடன், வெள்ளை வீட்டுக்காரர், சிவப்பு மாமி. வாட்ச்மேனுக்கும் நைட் ஷிஃப்டுக்கும் வெள்ளைக் காயில் பென்சில் குறி. தடவிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

எடுத்துப் போட்ட ரோல்களும் உண்டு. லாரிக்காரர் என்று ஒருவர்: எப்படியாவது ஊர் அவர் வால்வை மூடிவிட்டால் அவர் மட்டும் ஜெயிப்பார். எனக்கு மிகவும் பிடித்த ரோல், நான் எழுதியதிலேயே மோசமானதும் அதுதான். அவர் வந்ததும் சந்தேகப்படும்படி நடப்பவர்கள் எல்லாரும் "லாரிக்காரராத்தான் இருப்பாங்க, விடு" என்று தப்பித்தார்கள். நிஜத் திருடன் நெற்றியில் எழுதி ஒட்டினாலும் ஓட்டு விழவில்லை. பிளம்பர் காலியான டேங்கை நிரப்புவார். ஆட்டம் ஒன்பதரைக்கு முடிய வேண்டியது பதினொன்றைத் தாண்டியது. எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒரு ஜோடி, முதல் ராத்திரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சாதா வீட்டுக்காரர்களுக்கும் ஏதாவது இருக்கட்டும் என்று சேர்த்தது. 9 பேரில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சாட்சி என்றால் ஊருக்கு ரொம்பச் சுலபம். 11 பேருக்கு மேல் வந்தால் மட்டும் அந்த ஜோடியைப் போடுகிறேன்.

சாதா வீட்டுக்காரர்கள் பிரச்சினையை நான் தீர்க்கவில்லை, பி-1 பாட்டி தீர்த்தார். வெள்ளைக் காய் வந்தால் எல்லாரும் "எனக்கு மறுபடியும் ஒண்ணுமில்லையா" என்று முகத்தைத் தொங்கப் போடுவார்கள். பாட்டி வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு, கூசாமல் "நான்தான் மாமி" என்றார். திருடர்கள் அன்று ராத்திரி பாட்டி டேங்கைக் காலி செய்தார்கள். நிஜ மாமி இன்னும் ஒரு ராத்திரி பார்த்தார். பாட்டி நீல மூடியை விரலில் சுழற்றிக்கொண்டு, "இழக்க எங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு வெள்ளைக் காய்க்காரர்கள் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எந்த விதியையும் மாற்றவில்லை.

ஆட்டம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் வேலையிலிருந்து ஒன்று சொல்லலாம். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். ஒரு முறை உற்சாகத்தில் மூன்று ரோலை ஒரே நாளில் மாற்றினேன். ஆட்டம் பிரமாதமாக இருந்தது, எதனால் என்று இன்றுவரை தெரியவில்லை. இன்னொன்று, ஜெயித்த எண்ணிக்கையை ரொம்ப நம்பாதீர்கள். இருபது முறை பூவா தலையா போட்டால் பூ 6 விழுந்தாலும் 14 விழுந்தாலும் ஆச்சரியமில்லை. நாங்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டம்தான் ஆடுகிறோம். இருபது சேரவே பத்து வாரம். அதற்குள் ஒரு கல்யாணம், ஒரு பரீட்சை, ஒரு மழை. ஆகவே நோட்டில் வேறு விஷயங்களை எழுதி வைக்கிறேன். அன்று வாயே திறக்காதவர் யார், அவர் கையில் என்ன ரோல் இருந்தது? கடைசிப் பகலில் ஊர் நிஜமாகவே குழம்பியதா, இல்லை எல்லாருக்கும் தெரிந்து சும்மா ஓட்டுப் போட்டார்களா? தோற்றவர்கள் "இன்னொரு ஆட்டம்" என்றார்களா, "தூக்கம் வருது" என்றார்களா? ஒரே ரோல்காரர் மூன்று வாரம் தொடர்ந்து மௌனமாக இருந்தால், கோளாறு ரோலில்.

இந்த ஞாயிறுக்கு 10 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரட்டைப்படை. நடத்துகிறவன் என்பதால் நான் உள்ளே உட்கார முடியாது. கீழே கேட்டில் இருக்கிற நிஜ வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "வரேன் சார். ஆனா அந்த வாட்ச்மேன் சீட்டு மட்டும் எனக்குக் குடுக்காதீங்க" என்றார்.